ஆடி முடிச்சு திரும்பி வர்ற நகைய என்ன செய்ய?

கேள்வி: அக்கா, வடசேரில இருந்து டான்ஸ் நகை செட் ஆன்லைன்ல விக்கேன். நவராத்திரி முடிஞ்சா போதும், பார்சலா திரும்பி வருது. கொஞ்சம் பேரு வாங்கவே மாட்டேங்குறாங்க, கொஞ்சம் பேரு போட்டு ஆடிட்டு அனுப்புறாங்க. 'நோ ரிட்டர்ன்'னு போட்டுறவா? - வாசகி, நாகர்கோவில்

பதில்: தங்கச்சி, மொத்தமா அப்படி போட்டுராதீங்க. 2020ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிப்படி பொருள் டேமேஜா இருந்தாலோ, போட்டோல காட்டினது ஒண்ணு போனது வேறன்னாலோ, சொன்ன தேதி தாண்டிப் போனாலோ நீங்க திருப்பி எடுத்துதான் ஆகணும். ஆடிட்டு அனுப்புறது இதுல வராது. அதனால ரெண்டையும் தனித்தனியா பாருங்க.

வாங்காம திரும்புறது பெரும்பாலும் கேஷ் ஆன் டெலிவரிதான். போக 90, வர 90, பெட்டிக்கு 30ன்னு வச்சுக்கோங்க, 210 ரூபா காத்துல போகுது, இன்னொரு செட்டு வித்த லாபத்துல பாதிக்கு மேல அதுக்கே சரியாப் போயிரும். அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு "நிகழ்ச்சி என்னைக்கு?"ன்னு கேளுங்க, ஏன்னா ஐப்பசி மழைல கூரியர் ரெண்டு நாள் லேட்டாகி அரங்கேற்றம் முடிஞ்சப்புறம் போய் நின்னா யாரு வாங்குவா சொல்லுங்க. கூடவே 200 ரூபா யூபிஐல அட்வான்ஸ் வாங்கிருங்க, சும்மா ஆர்டர் போடுறவங்க அதுலயே கழண்டுருவாங்க.

ஆடிட்டு அனுப்புறதுதான் எனக்கே வயித்தெரிச்சல். நெத்திச்சுட்டிய திருப்பிப் பாருங்க, பின்பக்கம் பான்கேக் மேக்கப் அப்பியிருக்கும், கொண்டையில வைக்கிற ராக்கொடி இடுக்குல மல்லிப்பூ காம்பு சிக்கியிருக்கும், கெம்பு கல்லு ஒண்ணு காணாம போயிருக்கும். ஒட்டியாணம் கொக்கியிலயும் நெத்திச்சுட்டி கொக்கியிலயும் நூலு கோத்து சீல் டேக் போடுங்க, டேக் அறுந்தா ரிட்டர்ன் இல்லன்னு வாங்குறதுக்கு முன்னாடியே தெரியுற மாதிரி எழுதிருங்க. பேக் பண்றதையும், திரும்பி வந்தத பிரிக்கிறதையும் கட் இல்லாம வீடியோ எடுங்க. வந்த அன்னைக்கே பிரிங்க, மூணு நாள் கழிச்சு புகார் போட்டா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.

திரும்பி வந்தத புது ஸ்டாக்கோட மட்டும் கலக்காதீங்க. தனி தட்டு வைங்க. நல்லா இருக்குறது மறுபடி விக்க, கல்லு விழுந்தது ஆசாரிகிட்ட, ஆடினது வாடகைக்கு. டான்ஸ் கிளாஸ்காரங்க ஆண்டு விழாவுக்கு பத்து செட்டு இருபது செட்டுன்னு தேடுவாங்க, பழசுன்னு வெளிப்படையா சொல்லியே குடுக்கலாம்.

ஜிஎஸ்டி கட்டுறீங்கன்னா திரும்பி வந்த ஒவ்வொண்ணுக்கும் கிரெடிட் நோட், அதாவது பழைய பில் தொகையக் குறைக்கிற சீட்டு, போடுங்க. வித்த நிதியாண்டு முடிஞ்சு வர்ற நவம்பர் 30 வரைக்கும்தான் (அதுக்கு முன்னாடியே அந்த வருஷ ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்கு தாக்கல் பண்ணிட்டா அன்னைக்கு வரைக்கும்தான்) அதுக்கு டைம், விட்டுட்டா விக்காத நகைக்கு கட்டின 3 சதவீதம் போனது போனதுதான்.

இப்ப மூலைல அடுக்கி வச்சிருக்குற ரிட்டர்ன் பெட்டிய எல்லாம் இன்னைக்கே திறங்க. நம்ம ஊரு மழைக்கு உள்ள இருக்குற பஞ்சு ஈரம் குடிச்சிருக்கும், பாலிஷ் கறுத்துரும். அந்தப் பஞ்ச தூக்கிப் போட்டுட்டு காஞ்ச துணியால துடைச்சு ஜிப் கவர்ல போட்டு வைங்க.