ஆட்டோகேட் வரைபடத்தை மெல்லிய கோடுகள் மறையாமல் படமாக மாற்றுவது எப்படி?

ஜேபிஜியாக மாற்றினால் மெல்லிய கோடுகள் காணாமல் போகின்றன, எழுத்தும் மங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோத்தகிரியில் 11 வருடமாக வீட்டுப் பிளானும் தடுப்புச் சுவர் பிளானும் வரைந்து கொடுக்கிறேன். எனக்கும் இதே நடந்திருக்கிறது.

எங்கள் சைட்டுகளில் லேப்டாப் கிடையாது, மேஸ்திரியின் போன்தான் எல்லாம். ஒரு முறை ஏ1 தாளில் 1:100 அளவில் வரைந்த தடுப்புச் சுவரை, அவசரத்தில் ஜேபிஜிஅவுட் கட்டளை கொடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். நான்கு நாள் கழித்துப் போனால், கருங்கல் கட்டு இடுப்பளவுக்கு ஏறியிருக்கிறது. மண்ணிலிருந்து தண்ணீர் வெளியேற வைக்க வேண்டிய 3 அங்குல பைப் ஒன்றுகூட இல்லை.

"பைப் எங்கேண்ணே?"

"நீங்க அனுப்பின படத்துல இல்லையே தம்பி."

போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வட்டங்கள் இருக்க வேண்டிய இடத்தில் தூசி படிந்த மாதிரி சாம்பல் புள்ளிகள். ஐப்பசி மழைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. ஊறிய மண் பின்னாலிருந்து தள்ளினால் சுவர் என்னவாகும் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரித்துக் கட்டினோம்.

காரணம் இதுதான். அந்தக் கட்டளை திரையில் தெரிவதை மட்டுமே, திரையின் அளவிலேயே சேமிக்கும். என் திரை 1920 பிக்சல் அகலம், ஏ1 தாள் 841 மில்லிமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 2.3 பிக்சல். 1:100 அளவில் அந்த பைப் முக்கால் மில்லிமீட்டர்தான், இரண்டு பிக்சல்கூடத் தேறாது. அதில் எப்படி வட்டம் தெரியும்? போதாததற்கு வாட்ஸ்அப் வேறு படத்தைச் சுருக்கிவிடும்.

இப்போது நான் முதலில் ஆட்டோகேடின் அச்சிடும் கட்டளையான பிளாட் (PLOT) கொடுத்து பிடிஎஃப் ஆக்குகிறேன். அதில் கோடு பிக்சலாக மாறாமல் கோடாகவே இருக்கும், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. அச்சு ஸ்டைலில் மோனோகுரோம் சிடிபியைத் (monochrome.ctb) தேர்வு செய்யுங்கள், அது எல்லா நிறக் கோட்டையும் கறுப்பாக்கிவிடும். இல்லாவிட்டால் கறுப்புத் திரையில் பளிச்சென்று தெரியும் மஞ்சள் கோடு வெள்ளைத் தாளில் கண்ணுக்கே தெரியாது. அப்புறம் அந்த பிடிஎஃப்பை கிம்ப் (GIMP) என்ற படம் திருத்தும் மென்பொருளில் திறந்தால் ரெசல்யூஷன் கேட்கும், அங்குலத்துக்கு 300 என்று கொடுங்கள். 0.13 மில்லிமீட்டர் கோட்டுக்கு அப்போது ஒன்றரை பிக்சல் கிடைக்கும். 96 கொடுத்தால் அரை பிக்சல்தான், கோடு வெளிறிப் போகும்.

கான்டூர், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு, இருந்தால் இன்னும் கவனம் தேவை. அரை மீட்டருக்கு ஒரு கான்டூர் போட்ட 1:1000 சர்வே பிளானில், 45 டிகிரி சரிவில் கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர். 100-ல் எடுத்தால் இரண்டே பிக்சல், எல்லாம் ஒட்டிச் சாம்பல் பட்டையாகிவிடும். 300-ல் ஆறு பிக்சல் கிடைக்கும், தனித்தனியாக எண்ணலாம்.

சேமிக்கும்போது பிஎன்ஜி (PNG) வடிவத்தில் சேமியுங்கள். ஜேபிஜி போட்டோவுக்கு நல்லது, ஆனால் கோட்டின் ஓரத்தில் அழுக்கு மாதிரி புள்ளிகளைச் சேர்க்கும், சின்ன எண்கள் கெட்டுப்போகும்.

ஏ1 முழுவதையும் 300-ல் அனுப்பாதீர்கள். 9933 × 7016, கிட்டத்தட்ட 7 கோடி பிக்சல், சாதாரண போன் திணறும். வேண்டிய வெட்டுத் தோற்றத்தை மட்டும் தனி ஏ4 லேஅவுட்டில் (அச்சுப் பக்கத்தில்) வைத்தால் 2480 × 3508 போதும், உடனே திறக்கும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அல்லாமல் டாகுமெண்டாக அனுப்புங்கள், அப்போது சுருக்காது.

படமாகிவிட்டால் 1:100 என்று எழுதியிருப்பதை நம்ப முடியாது, பிரின்ட் எடுப்பவர் தாளுக்கு ஏற்ப அளவை மாற்றிவிடுவார். அதனால் ஓரத்தில் ஒரு அளவுகோல் பட்டை வரைந்துவிடுங்கள், படத்தோடு அதுவும் சேர்ந்தே சுருங்கும். பைப் விஷயத்தில் நான் வட்டத்தை மட்டும் நம்புவதில்லை. சுவருக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் "3 அங்குல பைப், மொத்தம் 14" என்று எழுதிவிடுகிறேன்.