‘வித்தின் ஃப்ரைடே’ என்று எழுதலாமா?

‘வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன்’ என்பதற்கு ‘வித்தின் ஃப்ரைடே’ சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். தவறு, ‘பை ஃப்ரைடே’ என்றே எழுத வேண்டும்.

குழப்பத்துக்குக் காரணம் நம் ‘-க்குள்’தான். 5 மணிக்குள் என்றாலும் 5 மணி நேரத்துக்குள் என்றாலும் தமிழுக்கு ஒரே உருபு போதும். ஆங்கிலம் பிரித்துவிடுகிறது. கடிகாரத்திலோ காலண்டரிலோ விரல் வைத்துக் காட்டக்கூடிய நேரமென்றால் ‘பை’: ‘பை ஃபைவ் ஓ கிளாக்’. எத்தனை மணி, எத்தனை நாள் என்று எண்ணும் அளவென்றால் ‘வித்தின்’: ‘வித்தின் ஃபைவ் அவர்ஸ்’.

‘பை ஃப்ரைடே’ என்றால் பொதுவாக வெள்ளியும் சேர்த்தி. வியாழனோடு முடிய வேண்டுமானால் ‘பிஃபோர் ஃப்ரைடே’.

‘அன்டில்’ நம் ‘வரை’. காத்திருப்பது, தங்குவது போல நீடிக்கும் வேலைக்குப் பொருந்தும்: ‘வெயிட் அன்டில் சிக்ஸ்’. அனுப்புவது ஒரே தடவையில் முடிவதால் ‘ஐ வில் சென்ட் இட் அன்டில் ஃப்ரைடே’ நிற்காது. ஆனால் எதிர்மறையில் நிற்கும். ‘ஐ வோன்ட் சென்ட் இட் அன்டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கு முன் அனுப்பமாட்டேன் என்று பொருள்.

அலுவலக மெயிலில் அதிகம் இடறுவது ‘இன் டூ டேஸ்’. பெரும்பாலும் அது இரண்டு நாள் கழித்து என்பதையே சொல்லும்.