பண்ணையில் செய்யும் செடார் சீஸுக்கு ஏன் நான்கைந்து மடங்கு விலை?

இங்கிலாந்தின் சூப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கும் செடாரைக் காட்டிலும் சிறு பண்ணைகளின் செடார் நான்கைந்து மடங்கு விலைக்கு விற்கப்படுவதைச் சுட்டிக்காட்டி, உண்மையிலேயே அந்த அளவுக்கு வேறுபாடு இருக்கிறதா, அல்லது பெயருக்குத்தான் பணமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேறுபாடு இருக்கிறது. லண்டனில் ஒரு சீஸ் கடையில் சில காலம் பகுதிநேரமாக வேலை பார்த்தவன் என்ற முறையில், எனக்கு நன்கு பழக்கமான, தென்மேற்கு இங்கிலாந்தின் சாமர்செட் வட்டாரச் செடாரை வைத்தே விளக்குகிறேன்.

பொட்டலத்தின் மேல் ‘ஆர்ட்டிசன்’ (கைவினைத் தயாரிப்பு) என்று அச்சிட்டிருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; பிரிட்டனில் அதற்குச் சட்ட வரையறை ஏதும் இல்லை. ‘வெஸ்ட் கன்ட்ரி ஃபார்ம்ஹவுஸ் செடார்’ என்ற புவிசார் பெயருக்கு விதிமுறைகள் உண்டு என்றாலும், அதுவும் காய்ச்சாத பாலைக் கட்டாயமாக்குவதில்லை. நான் இங்கே பேசுவது மான்ட்கோமரி, கீன், வெஸ்ட்கோம்ப் ஆகிய பண்ணைகள் செய்யும் வகையைப் பற்றி: சொந்த மந்தையின் பச்சைப் பால், பாலைத் திரளவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் என்ற நொதி, துணி சுற்றிய உருளை வடிவம், ஏறத்தாழ ஓராண்டோ அதற்கு மேலோ பதப்படுத்தல். பாரம்பரிய உணவுகளைக் காக்க முனையும் ஸ்லோ ஃபுட் இயக்கம் இந்த மூன்று பண்ணைகளையும் ஒரே குழுவாக அங்கீகரித்திருக்கிறது.

ஒரு கிலோ செடாருக்கு ஏறத்தாழ 10 லிட்டர் பால் தேவை என்பது தொழிற்சாலைக்கும் பண்ணைக்கும் பொது. அந்தப் பால் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. தொழிற்சாலைக்குப் பல பண்ணைகளின் பால் டேங்கர்களில் வந்து சேர்ந்து, ஒன்றாகக் கலந்து, பாஸ்ச்சரைஸ் செய்யப்பட்டு, கொழுப்பும் புரதமும் எப்போதும் ஒரே விகிதத்தில் இருக்கும்படி சரிசெய்யப்படுகிறது. ஆண்டு முழுவதும் ஒரே சுவை வரவேண்டும் என்பதே அதன் நோக்கம். பண்ணையிலோ காலையில் கறந்த பால் சில அடி தூரத்தில் இருக்கும் தொட்டிக்குப் போய்விடுகிறது. மாடு மேய்ந்தது மே மாதப் புல்லா, குளிர்காலத்தில் சேமித்த தீவனமா என்பது வரை சீஸில் தெரியும்.

அடுத்தது உறை. நம் வீடுகளில் ஒவ்வொரு வீட்டுத் தயிருக்கும் ஒரு ருசி இருப்பதற்கு உறைமோர் எப்படிக் காரணமாகிறதோ, அதே நிலைதான் இங்கும். மான்ட்கோமரி பண்ணையில் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் வெவ்வேறு உறை பயன்படுத்தப்படுகிறது. ஆகவே திங்கட்கிழமைச் சீஸும் வியாழக்கிழமைச் சீஸும் ஒன்றாக இருப்பதில்லை, தேர்ந்த கடைக்காரர்கள் தேதி பார்த்தே வாங்குகிறார்கள். தொழிற்சாலைச் செடார் பலவற்றில் நாக்கில் ஓர் இனிப்பு தட்டுவதற்கு, கூடுதலாகச் சேர்க்கப்படும் லாக்டோபேசில்லஸ் ஹெல்வெட்டிகஸ் போன்ற பாக்டீரியாக்களே காரணம். அந்த இனிப்புக்குப் பழகிய நாக்குக்குப் பண்ணைச் செடார் முதல் முறை சற்று முரட்டுத்தனமாகவே தோன்றும்.

‘செடாரிங்’ எனப்படும் கட்டம் கைவேலையின் உச்சம். பால் திரண்டபின் அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஏறத்தாழ 40 டிகிரி வரை சூடாக்கிக் கிளறி, பிரிந்த நீரை வடித்துவிட்டு, மீதமுள்ள திரளைச் செங்கல் போன்ற கட்டிகளாக அறுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். சிறிது நேரத்துக்கு ஒருமுறை புரட்டி அடுக்க அடுக்க, புளிப்பு ஏறி, கட்டி தட்டையாகி, கையால் கிழித்தால் வெந்த கோழி மார்பு இறைச்சியைப் போல நார்நாராகப் பிரியும். அந்தப் பதம் வந்ததும் அரைத்து, உப்பிட்டு, அச்சில் நிரப்பி அழுத்துவார்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்த முறையை ஒழுங்குபடுத்தியவர் சாமர்செட்டைச் சேர்ந்த ஜோசஃப் ஹார்டிங்.

ஏறத்தாழ 24 கிலோ எடையுள்ள உருளையின் மீது மஸ்லின் துணியைப் பன்றிக் கொழுப்பு தடவி ஒட்டுகிறார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் காற்றுப் புகாமல் முதிரும் தொழிற்சாலைக் கட்டி எடை இழப்பதில்லை. துணிக்குள் இருப்பது மாதந்தோறும் ஈரத்தை இழந்து எடை குறைகிறது. மேற்புறத்தைச் சிற்றுண்ணிகள் அரித்துத் தின்னும், அவற்றை அவ்வப்போது துடைத்து அகற்ற வேண்டும். வெஸ்ட்கோம்ப் பண்ணை உருளைகளைப் புரட்டித் துடைக்க ஓர் இயந்திர மனிதனையே வைத்திருக்கிறது. கையால் செய்வதுதான் உயர்வு என்று எல்லா இடத்திலும் அடம்பிடிக்கத் தேவையில்லை என்பதால் எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

உருளைக்கு உருளை சுவை எவ்வளவு மாறும் என்பது, கடையில் ஒன்றைச் சோதிக்கும் முறையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பாதியாகப் பிளந்த குழாய் போன்ற எஃகுக் கருவியைப் பக்கவாட்டில் குத்தித் திருகி இழுத்தால், நீளமான ஒரு சீஸ் குச்சி வெளியே வரும். முதலில் முகர வேண்டும். பிறகு நுனியில் சிறிது கிள்ளிச் சுவைத்துவிட்டு, மிச்சத்தை அப்படியே துளைக்குள் திரும்பச் செருகி, வாயை விரலால் சீஸ் தேய்த்து மூடிவிட வேண்டும். ஒரே வாரத்தில் செய்த இரண்டு உருளைகளில் ஒன்றில் வெந்த இறைச்சிச் சாறின் மணமும், மற்றொன்றில் வெறும் கசப்பும் இருந்ததை நானே சுவைத்திருக்கிறேன். கசந்தது குறைந்த விலைக்குத்தான் போகும், அந்த நட்டமும் நல்ல சீஸின் விலையில்தான் ஏறுகிறது.

பணம் ஓராண்டுக்கு மேல் கிடங்கில் முடங்குவதும் சிறு உற்பத்தியாளருக்குப் பெரும் சுமை. 2024இல் லண்டனைச் சேர்ந்த நீல்ஸ் யார்ட் டெய்ரி என்ற சீஸ் கடை, மொத்த வியாபாரியாக நடித்த மோசடிக்காரர்களிடம் 22 டன் துணி சுற்றிய செடாரை இழந்தது. மதிப்பு ஏறத்தாழ 3 லட்சம் பவுண்டு. அதிலிருந்த ஹஃபோட், வெஸ்ட்கோம்ப், பிட்ச்ஃபோர்க் ஆகிய செடார்களைச் செய்த பண்ணைகளுக்கு அந்தக் கடை முழுத் தொகையையும் கொடுத்துவிட்டது. கொடுக்காமல் விட்டிருந்தால் அவர்களின் நிலை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இத்தகைய பண்ணைகள் அரிதாகிப்போனதற்கு வரலாறும் ஒரு காரணம். 1933இல் அமைந்த பால் விற்பனை வாரியம் பாலுக்கு நிலையான வாங்குபவராக இருந்ததால், சீஸ் செய்து சிரமப்படுவதைவிடப் பாலை விற்பதே பலருக்கு எளிதாயிற்று. இரண்டாம் உலகப் போரில் உணவு அமைச்சகம் பாலை ஒரே வகைக் கெட்டியான ‘அரசுச் செடாருக்கு’த் திருப்பிவிட்டது, சீஸ் ரேஷன் 1954 வரை நீடித்தது. அதற்குள் பண்ணைச் சீஸ் செய்வோர் பெரும்பாலும் தொழிலை விட்டுவிட்டார்கள். 1979இல் தொடங்கிய நீல்ஸ் யார்ட் டெய்ரியில், அதை நிறுவியவர்களில் ஒருவரான ராண்டால்ஃப் ஹாட்ஜ்சன் எஞ்சியிருந்தவர்களை நேரில் தேடிப்போய் வாங்கி விற்றதால்தான் பல பண்ணைகளுக்குச் சந்தை கிடைத்தது.

இனி வாங்குவதைப் பற்றி. வெள்ளை சாஸில் உருக்கி ஊற்றப் போகிறீர்கள் என்றால் சூப்பர் மார்க்கெட் செடாரே போதும். தனியாகச் சாப்பிடுவதற்கென்றால், வெட்டித் தரும் கடைக்குப் போய்ச் சுவைத்துப் பார்த்து 100 கிராம் மட்டும் வாங்குங்கள். தோலோரம் நீலப் பூஞ்சைக் கோடு ஓடியிருந்தால் பயப்பட வேண்டாம். துணியின் விரிசல் வழியாகக் காற்றுப் புகுந்ததன் அடையாளம் அது, சிலர் அதைக் கேட்டே வாங்குவார்கள். நீங்கள் சைவம் என்றால், நான் மேலே சொன்ன மூன்று பண்ணைகளின் செடாரும் உங்களுக்கு ஆகாது. தாவர அல்லது நுண்ணுயிர் ரென்னெட்டில் செய்யும் பண்ணைகளும் இருக்கின்றன. ஆனால் துணியில் என்ன கொழுப்பு தடவியிருக்கிறது என்பதையும் சேர்த்தே கடைக்காரரிடம் கேளுங்கள்.