எஃப்.சி.க்கு முன் ஸ்டீயரிங்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்டப் போகிற வண்டிக்கு முதலில் பெயின்ட், அப்புறம் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், காசு மிச்சமிருந்தால் ஸ்டீயரிங். நம் ஊர் வழக்கம் இதுதான். அதனால்தான் இந்த முறை வந்த கேள்விகளில் பல, 'பிரேக் இன்ஸ்பெக்டர் ஸ்டீயரிங்கை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்' என்று தொடங்குகின்றன.

எங்கள் டாடா 407-இல் ஸ்டீயரிங் ப்ளே (டயர் அசையாமல் வீல் மட்டும் ஆடும் வெற்று ஆட்டம்) அதிகம். ஸ்டீயரிங் பாக்ஸில் (வீலின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் பற்சக்கரப் பெட்டி) இருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவைக் கொஞ்சம் டைட் வைத்தால் எஃப்.சி. பாஸ் ஆகிவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (ஒட்டன்சத்திரம்)

முதல் வேலையாக அதைச் செய்யாதீர்கள். வண்டி பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது என்பதால் பாக்ஸின் பற்கள் நடுவில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். நடுவில் உள்ள ஆட்டத்தைப் போக்க ஸ்க்ரூவை இறுக்கினால், தேயாத ஓரங்களில் பல்லும் பல்லும் நெருக்கிப் பிடிக்கும். வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. லோடோடு கொடைக்கானல் மலைப் பாதையில் இறங்கும்போது அது தெரியவரும்.

சட்டம் கேட்பது என்ன என்று பார்ப்போம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 98-ஆம் விதி, ஸ்டீயரிங் வீலில் வெற்று ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. வண்டியைச் சமதரையில், டயர் நேராக இருக்கும்படி நிறுத்துங்கள். வீலின் விளிம்பில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதற்கு நேராக டேஷ்போர்டில் ஒரு கம்பியைக் குத்திட்டு நிறுத்துங்கள். முன் டயர் அசையத் தொடங்கும் வரை விரலால் மெதுவாக இடப்பக்கம், பிறகு வலப்பக்கம் திருப்பி, இரண்டு எல்லைக்கும் இடையே டேப் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்துகொள்ளுங்கள். 45 செ.மீ. விட்டமுள்ள வீலில் 30 டிகிரி என்பது கிட்டத்தட்ட 12 செ.மீ. பவர் ஸ்டீயரிங் வண்டி என்றால் இன்ஜினை ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் 12 செ.மீ. ரொம்பவே தாராளம். அதில் பாதி இருந்தாலே நான் வண்டிக்கு அடியில் படுத்துவிடுவேன்.

படுத்து என்ன பார்ப்பது? மேலே ஒருவர் வீலைச் சின்னதாக இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் ஒவ்வொரு இணைப்பின் மீதும் கையைக் குறுக்காக வைத்துக்கொண்டே போங்கள். ஸ்டீயரிங் வீலிலிருந்து இறங்கும் ஷாஃப்டின் யூ.ஜே. கிராஸ் (மடங்கும் மூட்டு), பாக்ஸ் சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) உட்கார்ந்திருக்கும் போல்ட்டுகள், பாக்ஸிலிருந்து தொங்கும் டிராப் ஆர்ம், அதைச் சக்கரத்தோடு சேர்க்கும் டிராக் லிங்க்கின் இரண்டு எண்டுகள், இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் இரண்டு எண்டுகள். ஆட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே இரண்டு இரும்பும் ஒன்றாக நகராது. விரலுக்கு அடியில் ஒரு 'டக்' தெரியும். சில வண்டிகளில் பாக்ஸே சேஸிஸோடு சேராமல் தனியாக அசையும். போல்ட் லூஸாக இருக்கலாம், பிராக்கெட்டில் விரிசல் விட்டிருக்கலாம். மற்ற இணைப்புகள் எல்லாம் சுத்தமாக இருந்து, மேலே ஷாஃப்ட் திரும்பியும் டிராப் ஆர்ம் அசையவில்லை என்றால் மட்டும் பாக்ஸ் மேல் பழி போடுங்கள். அப்போதும் கழற்றிப் பார்த்து, பேரிங்கும் புஷ்ஷும் மாற்றி, பிறகுதான் அந்த ஸ்க்ரூ.

ஸ்டீயரிங்கில் ஆட்டமே இல்லை. டை ராடு எண்டின் ரப்பர் கிழிந்திருக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டார்கள். இது நியாயமா? (தூத்துக்குடி, உப்பு ஏற்றும் மினி லாரி)

நியாயம்தான். அதே 98-ஆம் விதியில், ஸ்டீயரிங் இணைப்பில் உள்ள பால் ஜாயின்ட் (கிண்ணத்துக்குள் குண்டு சுழலும் மூட்டு) எல்லாவற்றுக்கும் ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டோ பின்னோ இருக்கும் இடத்தில் அது கழன்று வராதபடி லாக் ஆகியிருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஸ்ப்ளிட் பின்னுக்குப் பதில் கட்டுக்கம்பியைச் சுற்றி வைத்திருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

உப்பளத்துக்குள் போய்வரும் வண்டியில் ரப்பர் கிழிந்தால், மண்ணும் உப்புத் தண்ணீரும் நேராகக் குண்டுக்குப் போய்ச் சேரும். கிழிசல் வழியாகக் கொஞ்சம் கிரீஸை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால், ஆட்டமும் இல்லாத பட்சத்தில், எண்டைக் கழற்றித் துடைத்து, புது கிரீஸ் வைத்து, பூட் (அந்த ரப்பர் மூடி) மட்டும் மாற்றினால் போதும். நறநறவென்று இருந்தாலோ துருவின் செந்நிறம் தெரிந்தாலோ எண்டையே மாற்றுங்கள். புது ரப்பர் போட்டு மூடினாலும் உள்ளே தேய்மானம் நிற்காது.

எஃப்.சி.க்கு முன்னால் அடிப்பக்கம் முழுக்க டீசல் அடித்து வாட்டர் சர்வீஸ் செய்வதையும் விட்டுவிடுங்கள். டீசல் பட்டால் சாதாரண ரப்பர் ஊறிப் பெருத்துச் சீக்கிரம் பிய்ந்துவிடும். அதற்கு மேல் கறுப்புப் பெயின்ட் அடித்தால் கிரீஸ் நிப்பிளும் அடைபட்டுப் போகும்.

ஒரு பக்க எண்டு மட்டும் போயிருக்கிறது. இரண்டையும் மாற்ற வேண்டுமா? (விழுப்புரம்)

கட்டாயம் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே கிலோமீட்டர் ஓடியவை, அலைன்மென்ட் கூலியும் ஒரே கூலி. நான் இரண்டையும் மாற்றிவிடுவேன்.

முன் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி ஆட்டினால் மேலும் கீழுமாக ஆடுகிறது. கிங் பின் (முன் சக்கரம் இடவலமாகத் திரும்ப அச்சாக இருக்கும் பின்) என்கிறார் ஒருவர், வீல் பேரிங் என்கிறார் இன்னொருவர். செலவில் பெரிய வித்தியாசம் இருக்கிறதே? (நாமக்கல், ஈச்சர் லாரி)

ஒருவரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங். டிரம்மும் பிரேக் ஷூவும் ஒன்றாகப் பிடித்துக்கொள்வதால் பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும். மிதித்த பிறகும் ஆடினால் கிங் பின். பேரிங் என்றால் கழற்றிப் பார்த்து, நன்றாக இருந்தால் கிரீஸ் வைத்து அட்ஜஸ்ட் செய்வதோடு வேலை முடிந்துவிடும்.

கிங் பின் என்றால் கிட்டாகவே வாங்குங்கள். பின், புஷ், த்ரஸ்ட் பேரிங், ஷிம், லாக் பின் எல்லாம் அதில் இருக்கும். தேய்ந்த புஷ்ஷை மட்டும் மாற்றிப் பழைய பின்னையே இறக்குவதில் பயன் இல்லை. பின்னும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும்.

புஷ் ஏற்றும்போது கூடவே நின்று ஒன்றைப் பாருங்கள். புஷ்ஷில் உள்ள கிரீஸ் துளையும், ஸ்டப் ஆக்சிலில் (சக்கரம் மாட்டியிருக்கும் பாகம்) நிப்பிள் இருக்கும் துளையும் நேர்கோட்டில் வர வேண்டும். கால் அங்குலம் திரும்பிப்போனாலும் கிரீஸ் கன்னில் எவ்வளவு அழுத்தினாலும் கிரீஸ் உள்ளே போகாது, வந்த வழியே நிப்பிள் ஓரமாகப் பிதுங்கும். புது கிங் பின் சில மாதங்களில் போய்விட்டது என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இந்தத் துளையைத்தான். புஷ் ஏறிய பிறகு ரீமர் (துளையை அளவுக்குக் கடையும் கருவி) போட்டுத்தான் பின்னை இறக்க வேண்டும். கை அழுத்தத்திலேயே பின் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். ஆனால் ஆட்டிப் பார்த்தால் ஆடக் கூடாது. சம்மட்டியால் அடித்து இறக்குகிற பட்டறையாக இருந்தால் வேறு பட்டறை பாருங்கள். அதன் பிறகு கிரீஸ் அடிக்கும்போதெல்லாம் முன் அச்சை ஜாக்கியில் தூக்கி வைத்து அடியுங்கள். வண்டியின் பாரம் உட்கார்ந்திருந்தால் த்ரஸ்ட் பேரிங்குக்குள் கிரீஸ் சரியாகப் போகாது.

தேய்ந்த பால் ஸ்டட்டுக்கு (எண்டில் குண்டோடு சேர்ந்த தண்டு) வெல்டிங் வைத்து லேத்தில் கடைந்து தருகிறேன் என்கிறார்கள். கம்பெனி ஸ்பேர் விலையில் கால்வாசிதான்.

வேண்டாம். அது ஃபோர்ஜிங் செய்து சூட்டுப் பக்குவம் கொடுத்த இரும்பு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பக்குவம் போய்விடும். பார்க்கப் புதுசு போல இருக்கும், ஒரு நாள் கழுத்தில் ஒடியும். வளைந்த டை ராடை கேஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்துவதும் இதே ரகம்தான்.

என் ஆல்டோவுக்கு 15 வருடம் முடிகிறது. ஆர்.சி. புதுப்பிக்கப் போகிறேன். பள்ளத்தில் இறங்கினால் முன்னால் 'கட கட' என்று சத்தம். ரேக்கையே (காரில் ஸ்டீயரிங் பாக்ஸின் வேலையைச் செய்யும் பல் தண்டு) மாற்றச் சொல்கிறார்கள். (திருச்சி)

சொந்தக் காருக்கு 15 வருடம் கழித்து, அதற்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனை. வாடகை வண்டிகளைப் போல 8 வருடம் வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, பிறகு ஆண்டுதோறும் என்ற தொல்லை உங்களுக்கு இல்லை. அதனாலேயே பல காருக்கு அடியில் யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

ரேக்கை மாற்றுவது கடைசி வேலை. பள்ளத்தில் வரும் சத்தம் லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட்டிலிருந்தும் வரலாம், அதன் புஷ்ஷிலிருந்தும், ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட்டிலிருந்தும் வரலாம். சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தில் 9, 3 மணி இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் டை ராடு எண்டு, அல்லது பூட்டுக்குள் இருக்கும் ரேக் எண்டு. மடிப்பு மடிப்பாக இருக்கும் ரேக் பூட்டின் மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆட்டினால் உள்ளே இருக்கும் எண்டின் தட்டல் கைக்குத் தெரியும். 12, 6 மணியில் ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இரண்டிலும் ஒன்றும் இல்லை, வீலைத் திருப்பும்போது ரேக் ஹவுசிங்குக்குள்ளேயே தட்டுகிறது என்றால்தான் ரேக்.

எண்டு மாற்றியதும் ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது. எஃப்.சி. நாளை மறுநாள். (ஈரோடு)

அலைன்மென்ட் செய்யாமல் போகாதீர்கள். பழைய எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று எண்ணி, புதியதையும் அத்தனை சுற்று ஏற்றியிருந்தால் அலைன்மென்ட் கடை வரை ஓட்டிப் போகும் அளவுக்குச் சரியாக இருக்கும். அது தோராயம்தான். டோ (முன் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவு) தப்பாக இருந்தால் டயரின் ஒரு ஓரம் ரம்பம் போல் தேயும். கையால் வருடிப் பார்த்தாலே தெரியும்.

அலைன்மென்ட் முடிந்ததும் இரண்டு லாக் நட்டும் இறுகியிருக்கிறதா என்று நீங்களே ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். காஸில் நட்டில் (பின் செருகத் தலையில் வெட்டு உள்ள நட்) ஸ்ப்ளிட் பின் துளை நேருக்கு வரவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இறுக்கித்தான் துளைக்குக் கொண்டுவர வேண்டும், பின்னால் தளர்த்தி அல்ல. கழற்றும்போது ஸ்டட்டின் தலையில் சுத்தியலால் அடித்திருந்தால் மரை நசுங்கி நட் பாதியில் நின்றிருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள். புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) இல்லாத பட்டறையில், ஸ்டட் நுழைந்திருக்கும் ஆர்மின் காதில் இரு பக்கமும் எதிரெதிராக ஒரே நேரத்தில் தட்டினால் டேப்பர் (கூம்பு வடிவப் பிடிப்பு) தானாக விட்டுக்கொடுக்கும்.

ஆட்டோ ஹேண்டில் மெதுவாகப் போகும்போது நடுங்குகிறது. இதுவும் எஃப்.சி.யில் வருமா? (மதுரை)

வரும். முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்புங்கள். நேராக நிற்கும் இடத்தில் மட்டும் 'கடக்' என்று உட்கார்ந்தால் கோன் செட்டில் (ஹேண்டில் சுழலும் பேரிங்) குண்டுகள் பள்ளம் போட்டுவிட்டன; கோன், கப், குண்டு மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். பள்ளம் இல்லை, ஃபோர்க் முன்னும் பின்னும் ஆடுகிறது என்றால் நட்டை அட்ஜஸ்ட் செய்தால் போதும். ஹேண்டிலை விட்டால் அது தன் பாரத்திலேயே பக்கவாட்டில் திரும்ப வேண்டும்; பிடித்துக்கொண்டு நின்றால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.