நீதி அமைச்சரான சட்டப் பேராசிரியர்: ரொபேர் பதந்தேர் பற்றிய கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இவர் அடிப்படையில் அரசியல்வாதியா, பேராசிரியரா?

பதில்: இரண்டுக்கும் முன்பே வழக்கறிஞர். 1928இல் பாரிசில் பிறந்தவர். 1965இல், சட்டப் பேராசிரியர் ஆவதற்கான கடினமான போட்டித் தேர்வில் வென்று பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தினார். நீதிமன்றத்தையும் விடவில்லை. தேர்தலில் வென்று அமைச்சரானவர் அல்லர். 1981 ஜூனில் பிரான்ஸ் அதிபர் மித்தெரான் அழைத்து நீதி அமைச்சர் பதவி கொடுத்தார். பிரான்சில் மரண தண்டனையை ஒழித்த சட்டத்தைக் கொண்டுவந்தவர் இவர்தான்.

கேள்வி: மரண தண்டனைமீது ஏன் அவ்வளவு வெறுப்பு ஐயா?

பதில்: போந்தாம் வழக்குதான் காரணம். 1971இல் க்ளேர்வோ சிறையில் போந்தாம் உட்பட இரண்டு கைதிகள் ஒரு செவிலியரையும் ஒரு காவலரையும் பிணை பிடித்தார்கள். பிணையாளிகள் இருவரும் கொல்லப்பட்டார்கள். போந்தாம் தன் கையால் கொலை செய்யவில்லை என்று ஜூரிகளே ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் உடந்தை என்று மரண தண்டனை விதித்தார்கள். 1972 நவம்பர் 28 விடியலில், பாரிஸ் சாந்தே சிறை முற்றத்தில் தலையைத் துண்டிக்கும் கில்லட்டின் கத்தி விழுந்தபோது, போந்தாமின் வழக்கறிஞரான பதந்தேர் அங்கே இருந்தார். அதுவரை அவருக்கு அது ஒரு கொள்கை. அன்று முதல் வாழ்நாள் வேலையாகிவிட்டது.

ஐந்தாண்டுகள் கழித்து, போந்தாமுக்குத் தண்டனை விதித்த அதே த்ருவா நகரில், ஏழு வயதுச் சிறுவனைக் கொன்ற பத்ரிக் ஆன்ரிக்காக வாதாடினார். குற்றத்தை மறுக்க வழியே இல்லை. அதனால் மரண தண்டனையையே கூண்டில் ஏற்றினார். ஆன்ரி ஆயுள் தண்டனையோடு தப்பினார்.

கேள்வி: மக்கள் கருத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது ஜனநாயகமா?

பதில்: நியாயமான கேள்வி. பெரும்பாலோர் அப்போது மரண தண்டனை வேண்டும் என்றுதான் சொன்னார்கள். ஆனால் மித்தெரான் தன் நிலையைத் தேர்தலுக்கு முன்பே தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார்; தெரிந்தேதான் வாக்களித்தார்கள். தேசிய சபையில் ஆதரவாக 363 வாக்குகள், எதிராக 117. வலதுசாரிகள் சிலரும் ஆதரித்தார்கள், பின்னாளில் அதிபரான ஷிராக் உட்பட. 1981 அக்டோபர் 9இல் சட்டமானது. அதன் முதல் பிரிவு ஒரே வாக்கியம்: மரண தண்டனை ஒழிக்கப்படுகிறது. சட்டம் எழுதுகிறவர்கள் பார்த்துப் படிக்க வேண்டியது!

கேள்வி: அவருடைய தந்தையை நாஜிகள் கொன்றார்கள் என்பது உண்மையா?

பதில்: உண்மை. 1943 பிப்ரவரி 9இல் லியோனில் நாஜிகளின் ரகசியக் காவல்துறையான கெஸ்டபோ பிடித்துச் சென்றது. சோபிபோர் கொலை முகாமிலிருந்து அவர் திரும்பவில்லை. அந்தக் கைது வேட்டைக்குப் பொறுப்பானவன் லியோன் கெஸ்டபோ தலைவன் கிளவுஸ் பார்பி. அவன் 1983இல் பொலிவியாவிலிருந்து பிரான்சுக்குக் கொண்டுவரப்பட்டபோது நீதி அமைச்சர் யார் தெரியுமா? பதந்தேர்தான். பார்பிக்கு 1987இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. அதற்கு மேல் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அந்த இடத்தை எடுத்தவரே இவர்தான்.

கேள்வி: அமைச்சர் பதவிக்குப் பிறகு?

பதில்: 1986 முதல் 1995 வரை, சட்டங்கள் அரசியலமைப்புக்குப் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் அரசியலமைப்பு மன்றத்தின் தலைவர், பிறகு 2011 வரை செனட் உறுப்பினர். யூகோஸ்லாவியா சிதறியபோது எழுந்த சட்டச் சிக்கல்களுக்குக் கருத்துச் சொன்ன ஐரோப்பிய நடுவர் குழுவுக்கும் அவரே தலைவர்.

கேள்வி: எப்போது காலமானார்?

பதில்: 2024 பிப்ரவரி 9. தந்தை பிடிபட்ட அதே தேதி.