ரெஸ்யூம் எழுதித் தர 6,500 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: பி.காம். படித்துவிட்டு, கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் ஆறு வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். குழந்தைக்காக 2020 மார்ச்சில் நின்றுவிட்டேன். இப்போது மறுபடி வேலைக்குப் போக நினைக்கிறேன். 6,500 ரூபாய் கட்டினால் 'ஏடிஎஸ் மார்க் 95' வரும்படி ரெஸ்யூம் எழுதித் தருகிறோம், ஒரு மாதத்தில் வேலை உறுதி என்கிறது ஒரு நிறுவனம். கட்டலாமா?

பதில்: இவர்களிடம் கட்டாதீர்கள். ரெஸ்யூம் எழுதுகிறவர் கையில் வேலை இல்லை. 'வேலை உறுதி' என்றதுமே போனை வைத்துவிடலாம். அந்த 95-ம் அப்படித்தான். ஏடிஎஸ் என்பது வருகிற விண்ணப்பங்களைச் சேர்த்துவைத்துத் தேடி எடுக்க உதவும் மென்பொருள். கம்பெனிக்குக் கம்பெனி அது வேறு. எல்லாவற்றுக்கும் பொதுவான மார்க் என்று ஒன்று கிடையாது.

மென்பொருளால் உங்கள் ரெஸ்யூமைப் படிக்க முடியுமா என்பதை நீங்களே பார்த்துவிடலாம், செலவில்லை. பிடிஎஃப்பைத் திறந்து, முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். இடம் வலம் என்று இரண்டாகப் பிரித்த அழகான டிசைன் என்றால், இடப்பக்கத்து 'டேலி' (கணக்கு மென்பொருள்) வலப்பக்கத்து வேலை விவரத்தின் நடுவே போய் உட்கார்ந்திருக்கலாம். படமாக வைத்த எழுத்து வரவே வராது. பெயர், போன் நம்பர், கம்பெனி, தேதி வரிசையாக வந்தால் போதும்.

சரி, காசு கொடுத்து எழுதி வாங்குவதே தப்பா? இல்லை. துறை மாறுகிறவர்களுக்கும், இருபது வருட அனுபவத்தை இரண்டு பக்கத்தில் அடக்கத் தெரியாமல் திணறுகிறவர்களுக்கும் நல்ல ஆள் கிடைத்தால் லாபம்தான். ஆனால் அவர் உங்களிடம் எத்தனை கேள்வி கேட்கிறார் என்று பாருங்கள். 'பழைய ரெஸ்யூமை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், நாளைக்கு ரெடி' என்பவர் டெம்ப்ளேட்டில் கொட்டித் தருகிறவர். நான் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தபோது, காசு கொடுத்து எழுதி வாங்கிய ஒரு ரெஸ்யூமின் முன்னுரையில் வேறு யாரோ ஒருவர் வேலை பார்த்த கம்பெனியின் பெயர் அப்படியே கிடந்தது. வந்த பையனுக்கு அது தெரியவே தெரியாது.

உங்களிடம் நான் முதலில் கேட்பது: கம்பெனியில் சேர்ந்தது 2014 வாக்கில் என்றால், 2017 ஜூலையில் வாட் (பழைய விற்பனை வரி) போய் ஜிஎஸ்டி வந்தபோது அந்த மாற்றத்தில் உங்கள் கை எவ்வளவு? பழைய இருப்புக்கு ஏற்கெனவே கட்டிய வரியின் வரவை ஜிஎஸ்டிக்குக் கொண்டுவந்தது யார்? நீங்கள் என்றால், அதுதான் ரெஸ்யூமின் முதல் வரி. இதைக் கேட்காமல் 'கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றும் திறன்' என்று எழுதுகிறவருக்கு ஆயிரம் ரூபாய்கூட அதிகம்.

'கணக்கு வழக்குகளைக் கவனித்தேன்' என்பதையும் உடையுங்கள். மாதம் எத்தனை பில் பதிவு செய்தீர்கள், எத்தனை சப்ளையர்களின் கணக்கைச் சரிபார்த்தீர்கள், ஜிஎஸ்டிஆர்-1, 3பி என்ற ஜிஎஸ்டி கணக்குகளை நீங்களே தாக்கல் செய்தீர்களா, ஆடிட்டருக்கு அனுப்பினீர்களா? உண்மையான எண்ணை மட்டும் போடுங்கள், நேர்முகத்தில் அதைத்தான் தோண்டுவார்கள். அப்பா பெயர், மதம், ஆதார் எண், 'மேற்கண்டவை உண்மை' என்ற உறுதிமொழி எதுவும் வேண்டாம்.

தேதிகளை ஞாபகத்திலிருந்து எழுத வேண்டாம். பிஎஃப் தளத்தில் யுஏஎன் எண்ணை (பிஎஃப் உறுப்பினருக்குரிய நிரந்தர எண்) கொடுத்து சேர்ந்த தேதி, விலகிய தேதியைப் பார்த்து எழுதுங்கள். பின்னணி சரிபார்ப்பில் பெரும்பாலும் இங்கேதான் மாட்டுவார்கள். பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதியாமலே விட்டிருந்தால், அதே தளத்தில் நீங்களே பதிய வசதி இருக்கிறது.

இடைவெளியை மறைக்காதீர்கள். '2020 மார்ச் முதல் குழந்தை வளர்ப்பு', ஒரு வரி போதும். உண்மையான பள்ளம் வேறு இடத்தில். சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியல் நீங்கள் நின்ற பிறகுதான் வந்தது. 2022 ஜனவரியிலிருந்து சப்ளையரின் பில் அதில் வராவிட்டால் உள்ளீட்டு வரி வரவை (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய தொழில்கள் மற்ற தொழில்களுக்குப் போடும் பில்லுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிந்த பில்) கட்டாயம். நீங்கள் பழகிய டேலி இஆர்பி 9 போய் டேலி பிரைம் வந்துவிட்டது. அந்த 6,500-ஐ இதற்கு ஒரு சிறு வகுப்பில் போடுங்கள். ரெஸ்யூமில் இந்த வருடத் தேதியோடு ஒரு வரி சேரும், அந்த இடைவெளியைப் பற்றிய பேச்சும் பாதியாகக் குறையும்.

அப்புறம், போர்ட்டலில் விண்ணப்பிக்கும் முன்னே பழைய கம்பெனியின் ஆடிட்டர் அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். எந்தக் கம்பெனியில் கணக்குக்கு ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாமுக்கும் போய் வாருங்கள், கட்டணம் கிடையாது. பத்துப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று தோன்றுகிற கம்பெனியின் மேஜையில் முதலில் உட்காருங்கள். நாலாவது மேஜைக்கு வருவதற்குள், 'இத்தனை வருடம் என்ன செய்தீர்கள்?' என்ற கேள்விக்குக் குரல் நடுங்காமல் பதில் வந்துவிடும்.