பூஸ்டர் போட்ட ஒரு வாரத்தில் துபாய்ப் பயணம்: பி.சி.ஆர். சோதனையில் பாசிட்டிவ் வருமா?

2022 பிப்ரவரியில் வந்த கேள்வி இதுதான்: அப்பாவுக்கு 66 வயது, சர்க்கரை உண்டு. மார்ச்சில் துபாயில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார். கொரோனா பூஸ்டர் ஊசி போட்டால் காய்ச்சல் வருமா, அதனால் விமான நிலையச் சோதனையில் மாட்டிக்கொள்வாரா, எதிர்ப்பு சக்திக்கு என்ன சாப்பாடு கொடுக்கலாம்?

நான் டாக்டர் இல்லை. ஆனால் 2022 ஜனவரியில் இதே மூன்றையும் ஒரே வாரத்தில் பார்த்தேன். தங்கைக்குத் துபாயில் பிரசவம். விழுப்புரத்திலிருந்து அம்மா அப்பா இருவரையும் அனுப்ப வேண்டியிருந்தது. அம்மாவுக்கு 63 வயது, பத்து வருடச் சர்க்கரை. அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு.

துபாய் போக பூஸ்டர் கட்டாயம் இல்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போகிறார்கள், போட்டுவிட்டே போகட்டும் என்று எங்கள் டாக்டர் சொன்னதால் போட்டோம். ஜனவரி 10 முதல் 60 வயது தாண்டி இணைநோய் (சர்க்கரை, ரத்தக்கொதிப்பு போல) உள்ளவர்களுக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள் (அரசுக் கணக்கில் அதன் பெயர் பூஸ்டர் இல்லை, முன்னெச்சரிக்கை டோஸ்). இரண்டாவது டோஸ் முடிந்து 39 வாரம் ஆகியிருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. அம்மாவுக்கு இரண்டாவது 2021 ஏப்ரல் 8. ஜனவரி முதல் வாரமே தகுதி வந்துவிட்டது. ஆனால் ஒமிக்ரான், பொங்கல், ஞாயிறு முழு ஊரடங்கு என்று தள்ளித் தள்ளி ஜனவரி 20 வியாழக்கிழமைதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். விமானம் 26ஆம் தேதி அதிகாலை 3.50க்கு. நடுவில் ஆறே நாள். இந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

மாலை வரை கை வலி மட்டும்தான். இரவு பதினொரு மணிக்கு அம்மாவுக்கு நடுக்கத்தோடு 101 டிகிரி. இரண்டு போர்வை போர்த்தியும் குளிருது என்றார். காய்ச்சல் மாத்திரை டோலோ 650 ஒன்று கொடுத்தேன். மறுநாள் முழுக்க உடம்பை அடித்துப் போட்டது போலப் படுத்திருந்தார். சனிக்கிழமை காலை தானாகவே எழுந்து, "காபியில ஏன்டா இவ்வளவு தண்ணி?" என்று கேட்டபோது சரியாகிவிட்டது என்று புரிந்தது. அப்பாவுக்கு ஒன்றுமே ஆகவில்லை. "எனக்கு வெறும் தண்ணிய குத்திட்டாங்களோ" என்று இரண்டு நாள் புலம்பினார். காய்ச்சல் வராவிட்டால் ஊசி வேலை செய்யவில்லை என்று அர்த்தம் இல்லை. அதை அவருக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

கோவிஷீல்ட் தடுப்பூசியில் இந்தக் காய்ச்சல், உடல்வலி, தலைவலி எல்லாம் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். ஊசிக்கு முன்பே டோலோ போட்டுக்கொண்டு போக வேண்டியதில்லை, வந்தால் போட்டால் போதும். தங்கை துபாயில் ஃபைசர் பூஸ்டர் போட்டபோது அவளுக்குக் காய்ச்சல் இல்லை, அக்குளில் நெறி கட்டியது. ஒரு வாரத்தில் வற்றிவிட்டது. மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, கால் வீக்கம், நாள்கணக்கில் விடாத தலைவலி இவை அபூர்வம்தான், ஆனால் ஊசி போட்டுச் சில வாரங்களுக்குள் வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அடுத்தது சோதனை பற்றிய உங்கள் பயம். ஊசியால் பி.சி.ஆர். பாசிட்டிவ் வராது. அந்தச் சோதனை மூக்கிலும் தொண்டையிலும் கொரோனா வைரஸின் மரபணு இருக்கிறதா என்று தேடுகிறது. கோவிஷீல்டில் இருப்பது பெருக முடியாதபடி மாற்றிய வேறொரு வைரஸ். கொரோனாவின் முள் புரதத்துக்கான குறிப்பை மட்டும் அது சுமந்து போகிறது. கோவேக்சினில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ். இரண்டுமே கைத்தசையில் போடுவது, மூக்கில் வந்து குடியேறும் விஷயம் இல்லை. ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனை வேறு, அதில் தடுப்பூசி தெரியும். துபாய்ப் பயணத்துக்கு அதை யாரும் கேட்கவில்லை.

ஆனால் ஊசி போட நின்ற வரிசையால் பாசிட்டிவ் வரலாம். எனக்குத் தூக்கம் போனது இதில்தான். ஜனவரி மூன்றாவது வாரம், ஊரெல்லாம் இருமல். சுகாதார நிலையத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம், பின்னால் நின்றவர் மாஸ்க்கைத் தாடையில் மாட்டியிருந்தார். ஒமிக்ரான் தொற்றினால் மூன்று நாள் போல ஆகும் வெளியே தெரிய. வியாழக்கிழமை வரிசையில் ஒட்டியிருந்தால் திங்கள் சோதனையில் கச்சிதமாகத் தெரியும். அம்மாவின் காய்ச்சல் ஊசியாலா, கிருமியாலா என்று வெள்ளிக்கிழமை முழுக்க எனக்குச் சந்தேகம். தொண்டை வலியும், மூக்கு ஒழுகுவதும், இருமலும் பெரும்பாலும் ஊசியால் வருவதில்லை. வாசனை போவதும் இல்லை. ரசத்துக்குத் தாளித்த வாசனை வருகிறதா என்று அம்மாவிடம் நான்கு முறை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதனால் அப்பாவுக்குத் தகுதி வந்துவிட்டது என்றால் இந்த வாரமே போட்டுவிடுங்கள். ஊசிக்கும் விமானத்துக்கும் நடுவில் குறைந்தது இரண்டு வாரம் இருக்கட்டும், கடைசி வாரம் கல்யாணம் காதுகுத்து எதுவும் வேண்டாம். அவருக்கு ஜனவரியில் கொரோனா வந்து போயிருந்தால் கதை வேறு. குணமாகி மூன்று மாதம் கழித்துத்தான் பூஸ்டர் என்று ஜனவரி 21 அன்று மத்திய அரசு சொல்லிவிட்டது. குணமான பிறகும் சில வாரங்களுக்கு பி.சி.ஆர். பாசிட்டிவ் காட்டக்கூடும் என்பதையும் மனதில் வையுங்கள். எதிர் வீட்டு அண்ணன் பொங்கலுக்குப் படுத்து எழுந்தவர், இருபது நாள் கழித்தும் பாசிட்டிவ். டிக்கெட்டை மாற்றியதில் அவருக்கு நல்ல நஷ்டம்.

அப்போதைய சோதனைக் கணக்கு இப்படி: புறப்படும் நேரத்துக்கு முன் 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர்., கியூ.ஆர். கோடு உள்ள அறிக்கையாக. அப்புறம் விமான நிலையத்தில் ஆறு மணி நேரத்துக்குள் ரேபிட் பி.சி.ஆர். துபாய் இறங்கியதும் இன்னொன்று. 48 மணி நேரத்தை சாம்பிள் கொடுத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும், அறிக்கை வந்த நேரத்திலிருந்து அல்ல. எங்களுக்கு ஞாயிறு ஊரடங்கு. அன்று கொடுத்திருந்தாலும் காலாவதி ஆகியிருக்கும். திங்கள் காலை எட்டு மணிக்குக் கொடுத்தோம்.

அன்று இரவே நெகட்டிவ் வந்தது. சந்தோஷம் ஐந்து நிமிடம்தான். அம்மாவின் பாஸ்போர்ட்டில் அவர் பெயரோடு அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. லேப் அறிக்கையில் ஆதாரில் உள்ளபடி வெறும் இனிஷியல், பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கம் தப்பு. நம் ஊர் இனிஷியல் வெளிநாட்டுக்காரனுக்குப் புரியாது. லேப்காரர்கள் "இதெல்லாம் பரவாயில்லை சார்" என்றார்கள். நான் விடவில்லை, செவ்வாய் மதியம் திருத்தி அனுப்பினார்கள். கோவின் (அரசின் தடுப்பூசித் தளம்) தரும் சான்றிதழிலும் இதே தகராறு வரும். 2022இல் அந்தத் தளத்திலேயே பாஸ்போர்ட் எண்ணை இணைக்க வழி இருந்தது.

ரேபிட் சோதனைக்குத் தலைக்கு மூவாயிரம் ரூபாய் போல ஆனது. இரவு ஒன்பதரைக்கே மீனம்பாக்கம் போய்விட்டோம். முடிவு வரும் வரை அம்மா கையில் ஜெபமாலை இல்லாத குறைதான், விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தாராம். வரிசையில் ஒருவருக்கு, 48 மணி நேர அறிக்கை நெகட்டிவாக இருந்தும், இங்கே பாசிட்டிவ் வந்து பெட்டியோடு திரும்பினார் என்று அப்பா போனில் சொன்னார்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ஒரே வாரத்தில் எதிர்ப்பு சக்தியை ஏற்றும் உணவு எதுவும் இல்லை. 2020இலிருந்து எங்கள் வீட்டு அலமாரியில் துத்தநாக மாத்திரை, வைட்டமின் சி, கபசுரக் குடிநீர்ப் பொட்டலம் எல்லாம் கிடக்கிறது. அமெரிக்காவின் க்ளீவ்லாண்ட் கிளினிக்கில் கொரோனா வந்த 214 பேரை வைத்து அதிக அளவு துத்தநாகத்தையும் வைட்டமின் சியையும் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். அறிகுறிகள் சீக்கிரம் குறையவில்லை. நெல்லிக்காய் பிடிக்கும் என்றால் சாப்பிடட்டும், மருந்து என்று நினைக்க வேண்டாம்.

நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் குறைவது புரதம். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்தியக் கணக்கு. அறுபது கிலோ ஆளுக்கு ஐம்பது கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். முட்டை சூடு, ஊசி போட்டால் கறி ஆகாது என்று அக்கம்பக்கத்தில் சொன்னதை அம்மா நம்பினார். அப்படி எந்தத் தடையும் இல்லை. காய்ச்சல் நாளில் அவர் கேட்டது வெறும் அரிசிக் கஞ்சி. சர்க்கரைக்காரருக்கு அது சட்டென்று ஏற்றிவிடும் என்பதால் பாதிக்குப் பாதி பாசிப்பருப்பு போட்டுக் குழைய வேகவைத்தேன். இடையிடையே மோர், ரசம். ஒன்று மட்டும் கவனம்: காய்ச்சலில் சாப்பிடாமல் வழக்கமான சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்தால் சர்க்கரை படுவேகமாக இறங்கலாம். அன்று எவ்வளவு எடுப்பது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

விமான நிலையத்துக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் அவித்த முட்டையும் கட்டிக் கொடுத்தேன். ஆறு மணி நேரக் காத்திருப்பு, நடுராத்திரியில் சர்க்கரைக்காரருக்கு ஏற்றது அங்கே என்ன கிடைக்கும்? உள்ளே போகும் முன் வெளியிலேயே, கூட்டம் இல்லாத ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதன் பிறகு துபாய் போகும் வரை என்95 மாஸ்க்கைக் கழற்றவில்லை.

திருத்தம், மார்ச் 2022: பிப்ரவரி 22 முதல் துபாய்ப் பயணிகளுக்கு விமான நிலைய ரேபிட் சோதனை கிடையாது. 26 முதல், கியூ.ஆர். கோடுள்ள தடுப்பூசிச் சான்றிதழ் இருந்தால் 48 மணி நேர பி.சி.ஆரும் வேண்டாம் என்றார்கள். சான்றிதழில் பெயரை மட்டும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்த்துவிடுங்கள். செய்தியைப் படித்துவிட்டு அப்பா துபாயிலிருந்து கூப்பிட்டார். "நம்ம ஆறாயிரத்தைத் திருப்பித் தருவாங்களான்னு கேட்டுப் பாரேன்" என்றார்.